தமிழ்நாடு சுற்றுலாத் துறை: பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோம்ஸ்டே தொடங்க நினைப்பவர்கள், டிராவல்ஸ் நடத்துகிறவர்கள், லாட்ஜ் வைத்திருப்பவர்கள், அப்புறம் "கேரளாவைப் பார், நம்ம ஊரில் என்ன செய்கிறார்கள்?" என்று ஆதங்கப்படுகிற சாதாரணப் பயணிகள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பெருமைப்படுவது போதும், வந்தவர் எத்தனை இரவு தங்கினார், அவர் செலவழித்ததில் எவ்வளவு அந்த ஊரிலேயே நின்றது என்று கேட்க ஆரம்பிக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பலவற்றில் இந்தக் கவலை தலைகாட்டும்.

சுற்றுலாத் துறை, சுற்றுலா வளர்ச்சிக் கழகம், இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வேலையும் வேறு, பணப்பையும் வேறு. சுற்றுலாத் துறை என்பது அரசின் அங்கம். ஆணையர் தலைமையில் இயங்குவது, மாவட்டங்களில் சுற்றுலா அலுவலர்களை வைத்திருப்பது, கொள்கை வகுப்பது, விளம்பரம் செய்வது, விழா நடத்துவது, திட்டங்களுக்கு நிதி கேட்டு வாங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். 'ஓட்டல் தமிழ்நாடு' என்று ஊர் ஊராகப் பார்க்கிறீர்களே, அந்த விடுதிகள், முட்டுக்காடு, ஊட்டி, பைக்காரா, பிச்சாவரம், ஏற்காடு போன்ற இடங்களின் படகு இல்லங்கள், சென்னையிலிருந்து கிளம்பும் டூர் பேக்கேஜ் பஸ், தீவுத்திடல் பொருட்காட்சி ஆகியவை கழகத்தின் கணக்கில் வருபவை.

இரண்டையும் பல காலம் ஒரே ஐ.ஏ.எஸ். அதிகாரியே பார்த்துக்கொண்டதால் மக்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால் மானியம், பதிவு, அனுமதி என்று போகிறவர் துறையின் கதவைத் தட்ட வேண்டும், ரூம் புக்கிங்கும் பேக்கேஜும் வேண்டும் என்றால் கழகம். கதவு மாறிப்போய் அலைகிறவர்கள் நிறைய.

அப்படியென்றால் மாமல்லபுரம் சிற்பங்கள், ஊட்டி பூங்கா, கன்னியாகுமரி படகு எல்லாம் யார் கையில்?

இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். நாம் ஊர் சுற்றிப் பார்க்கிற இடங்களில் பெரும்பாலானவை சுற்றுலாத் துறையின் கையில் இல்லை. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் மத்திய அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன, அங்கே நீங்கள் வாங்கும் டிக்கெட் காசும் அவர்களுக்கே. ஊட்டி தாவரவியல் பூங்காவும் மே மாத மலர்க் கண்காட்சியும் தோட்டக்கலைத் துறை. மலை ரயில் தெற்கு ரயில்வே. கோயில்கள் பெரும்பாலும் அறநிலையத் துறை. காடு, அருவி, மலையேற்றப் பாதை என்றால் பெரும்பாலும் வனத்துறை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஓட்டுவது. அந்தப் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்களே ஒரு கண்ணாடிப் பாலம், சுமார் 37 கோடி ரூபாய்ச் செலவு, அதைக் கட்டியது நெடுஞ்சாலைத் துறை.

ஆக, ஓர் ஊருக்குப் போய் கழிப்பறை சரியில்லை என்று திட்டும்போது, அந்தக் கழிப்பறை பேரூராட்சியுடையதா, கோயிலுடையதா, தொல்லியல் துறையுடையதா என்பதே பயணிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. இத்தனை பேரையும் ஒரு மேசையில் உட்கார வைப்பதுதான் சுற்றுலாத் துறையின் முதல் வேலை என்பேன். மாவட்டத்தில் அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் ஆட்சியர். ஆட்சியருக்கு ஆர்வம் இருந்தால் ஊர் மாறுகிறது, அவர் மாற்றலாகிப் போனால் வேலையும் அங்கேயே நின்றுவிடுகிறது.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது?

நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது மாநில பட்ஜெட். ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் சுற்றுலாத் துறைக்கான மானியக் கோரிக்கை, அதாவது துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்பது, வரும், அமைச்சர் அறிவிப்புகளைப் படிப்பார், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அரசாணை, நிர்வாக ஒப்புதல், டெண்டர் என்று போகும். சட்டமன்றத்தில் அறிவித்த நாளுக்கும் தரையில் செங்கல் விழும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் ஆகும் என்பது உடன் சேர்ந்து வேலை செய்யும் மற்ற துறைகளைப் பொறுத்தது. கடற்கரையாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை அனுமதி, மலையாக இருந்தால் வனத்துறை அனுமதி, புராதனச் சின்னத்தின் அருகே என்றால் தொல்லியல் அனுமதி.

இரண்டாவது மத்திய அரசு. அது பெரிய கதை, தனிக் கேள்வியாகவே கீழே இருக்கிறது. மூன்றாவது வெளிநாட்டு வளர்ச்சி வங்கிகளின் கடன். ஆசிய வளர்ச்சி வங்கி தமிழ்நாடு, பஞ்சாப், இமாச்சலம், உத்தராகண்ட் ஆகிய நான்கு மாநிலங்களுக்குச் சுற்றுலா உள்கட்டமைப்புக்காகக் கடன் கொடுத்தது. கோயில் ஊர்களில் சாலை, வாகன நிறுத்தம், பயணிகள் வசதி மையம் போன்ற வேலைகள் அந்த மாதிரிப் பணத்தில் நடப்பவை.

நான்காவது கழகம் தானே சம்பாதிப்பது. ரூம் வாடகை, படகு டிக்கெட், பேக்கேஜ், பொருட்காட்சி, குத்தகை.

ஓட்டல் பில்லில் நான் கட்டுகிற வரி சுற்றுலாவுக்குத்தான் போகிறதா?

நேரடியாக இல்லை. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், அதாவது 2017 வரை, ஓட்டல் அறைகளுக்கு மாநில அரசின் ஆடம்பர வரி இருந்தது. இப்போது அது ஜி.எஸ்.டி.க்குள் அடங்கிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வசூலாகும் பணம் மத்திய, மாநில அரசுகளின் பொதுக் கணக்கில் போய்ச் சேர்கிறது. அதில் ஒரு பகுதியைச் சுற்றுலாவுக்கென்று ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு கிடையாது. கொடைக்கானலில் ஒரு சீசன் பிரமாதமாகப் போனது என்பதற்காக அடுத்த வருடம் கொடைக்கானலுக்குக் கூடுதல் பணம் தானாக வந்துவிடாது.

இலங்கையில் வேறு மாதிரி. அங்கே பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனங்களின் விற்றுமுதலில் 1 சதவீதம் சுற்றுலா வளர்ச்சிக்கான தீர்வையாகப் பிடிக்கப்படுகிறது. விமான நிலையத்தில் புறப்படும் பயணிகளிடம் வாங்கும் தீர்வையிலும் ஒரு பங்கு சேர்கிறது. இவையெல்லாம் ஒரு தனி நிதியில் சேர, 2005-ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டம் அமைத்த அமைப்புகள் அதிலிருந்து விளம்பரம், பயிற்சி, அபிவிருத்தி என்று செலவு செய்கின்றன. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் விடுதி அறை வரியில் ஒரு பங்கு சுற்றுலா விளம்பரத்துக்கென்றே போகிறது.

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம், தொழிலில் இருப்பவனுக்குக் கேள்வி கேட்க உரிமை கிடைக்கிறது. நான் கொடுத்த காசு, என்ன செய்தாய் என்று கேட்கலாம். நம் ஊரில் விடுதி உரிமையாளர் வரியும் கட்டுகிறார், உள்ளாட்சிக்குத் தொழில் உரிமக் கட்டணமும் கட்டுகிறார், ஆனால் தன் ஊரை எப்படி விளம்பரப்படுத்துவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு நாற்காலி இல்லை.

மத்திய அரசு என்ன கொடுக்கிறது?

2014-15-ல் தொடங்கிய இரண்டு திட்டங்கள் முக்கியமானவை. ஒன்று சுவதேஷ் தர்ஷன். முதலில் ஒரே கருப்பொருளில் பல ஊர்களை இணைத்து ஒரு சுற்று என்று கொடுத்தார்கள், தமிழ்நாட்டுக்குச் சென்னை, மாமல்லபுரம், ராமேசுவரம், மணப்பாடு, கன்னியாகுமரி என்று கடற்கரைச் சுற்று வந்தது. இரண்டாம் கட்டத்தில் ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்தார்கள், மாமல்லபுரமும் நீலகிரியும் பட்டியலில் இடம்பெற்றன. இன்னொன்று பிரசாத், புனித யாத்திரைத் தலங்களுக்கானது. காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் அதில் வந்தன.

2024 நவம்பரில் இன்னொரு வகைப் பணம் வந்தது. மானியமில்லை, ஐம்பது வருடத்துக்கு வட்டியில்லாக் கடன். நாடு முழுவதும் 23 மாநிலங்களில் 40 திட்டங்களுக்குச் சுமார் 3,296 கோடி ரூபாய். தமிழ்நாட்டுக்கு இரண்டு: மாமல்லபுரத்தில் நந்தவனம் என்ற பாரம்பரியப் பூங்காவுக்கு 99.67 கோடி, நீலகிரியின் தேவாலாவில் ஒரு பூங்காவுக்கு 70.23 கோடி.

தேவாலா எனக்கு நல்ல தேர்வாகத் தோன்றுகிறது. ஊட்டியில் வந்து முட்டுகிற கூட்டத்தைக் கூடலூர்ப் பக்கம் பிரித்துவிட ஒரு வாய்ப்பு. ஆனால் கட்டுவதற்குத்தான் பணம் வருகிறது, பராமரிப்பது மாநிலத்தின் தலையில். எந்தத் திட்டத்திலும் முதல் ஐந்து வருடத்துக்கு அப்புறம் பூங்காவில் யார் புல் வெட்டுவார்கள், விளக்கு எரியாவிட்டால் யார் மாற்றுவார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. திறப்பு விழாக் கல்வெட்டு பளபளப்பாக இருக்க, பின்னால் குழாயில் தண்ணீர் வராமல் கிடக்கும் பயணியர் வசதி மையங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கழகம் லாபத்தில் ஓட வேண்டுமா? தனியாரிடம் கொடுத்துவிடலாமே?

சில சொத்துகளை ஏற்கெனவே குத்தகைக்கு விடுகிறார்கள், சிலவற்றைத் தனியாருடன் சேர்ந்து செய்கிறார்கள். முட்டுக்காட்டின் இரண்டடுக்கு மிதக்கும் உணவகக் கப்பல் அப்படி வந்ததுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த விடுதிகள் பல, தனியார் யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில், எட்டிப் பார்க்காத ஊரில் கட்டப்பட்டவை. இன்றும் நடுத்தரக் குடும்பம் ஒன்று ஏரிக்குப் பக்கத்திலோ கடலுக்குப் பக்கத்திலோ தங்க முடிகிறது என்றால் பல ஊர்களில் அது ஓட்டல் தமிழ்நாட்டில்தான், ஏனென்றால் இடத்தை அவர்கள் அன்றே பிடித்துவிட்டார்கள். இடம் முதல் தரம், கட்டடம் பழசு, குளியலறை இன்னும் பழசு. விற்பதைவிட, சம்பாதித்த காசை அந்தந்த விடுதிக்கே திருப்பிச் செலவழிக்க மேலாளருக்கு அதிகாரம் கொடுப்பதே என் விருப்பம்.

தீவுத்திடல் பொருட்காட்சியைப் பாருங்கள். பொங்கலை ஒட்டி நடப்பது, பெயரிலேயே 'சுற்றுலா மற்றும் தொழில்' என்று இருக்கிறது. நுழைவுக் கட்டணமும் கடை வாடகையும் கழகத்துக்கு. வருகிற கூட்டம் டெல்லி அப்பளத்துக்கும் ராட்டினத்துக்கும் வருகிறது. ஒரு பெரிய தட்டு அகலத்தில் பொரித்து, மேலே மிளகாய்த் தூள் தூவி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கடித்துக்கொண்டே அரசுத் துறை அரங்குகள் வழியாக நடப்பார்கள். அந்த அரங்கில் நாமக்கல்லிலோ தென்காசியிலோ பார்க்க என்ன இருக்கிறது, எந்த பஸ், எங்கே தங்கலாம், எவ்வளவு ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, அங்கேயே ரூமும் புக் செய்ய வைத்தால் அதைவிட மலிவான விளம்பரம் உலகத்தில் இல்லை. சென்னையிலிருந்து அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கிற குடும்பம் தானே காசு கொடுத்து உள்ளே வந்திருக்கிறது!

வெளிநாட்டில் எப்படி விளம்பரம் செய்கிறார்கள்?

டி.வி., பத்திரிகை, இணைய விளம்பரம் ஒரு பக்கம். தொழிலுக்குள் முக்கியமானது பயணச் சந்தைகள். மார்ச்சில் பெர்லின், நவம்பரில் லண்டன், ஜனவரியில் மாட்ரிட் என்று பெரிய சந்தைகள் நடக்கும். மாநிலம் ஒரு அரங்கு எடுக்கும், அதற்குள் நம் ஊர் டூர் நிறுவனங்களுக்கும் ஓட்டல்களுக்கும் மேசை கொடுக்கும். வெளிநாட்டு ஏஜென்ட் வந்து உட்கார்ந்து, அடுத்த சீசனுக்கு மதுரை, தஞ்சாவூர், செட்டிநாடு என்று பத்து நாள் பேக்கேஜுக்கு விலை பேசுவார். பொதுமக்கள் கண்ணில் படாத வேலை, ஆனால் ஆர்டர் இங்கேதான் விழுகிறது.

இன்னொரு வழி, வெளிநாட்டு ஏஜென்ட்களையும் எழுத்தாளர்களையும் இங்கே கூட்டிவந்து சுற்றிக் காட்டுவது. சொன்னதைவிடக் கண்ணால் பார்த்தவர் நன்றாக விற்பார் என்பதால் இதற்கு ஆகும் செலவு வீண் போவதில்லை. சிறிய நிறுவனங்களின் வெளிநாட்டுப் பயணச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் சந்தை வளர்ச்சி உதவித் திட்டம் என்று ஒன்று உண்டு. அதைப் பற்றித் தெரியாத டிராவல்ஸ்காரர்கள்தான் அதிகம்.

விளம்பரம் செய்தால் உண்மையிலேயே ஆள் வருவார்களா?

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவின் கொலராடோ. சுற்றுலா விளம்பரத்துக்கென்று இருந்த சிறு வரியைத் தொடர வேண்டாம் என்று 1993-ல் வாக்காளர்கள் முடிவெடுத்தார்கள், மாநில விளம்பரம் அப்படியே நின்றது. மலையும் பனியும் எங்கும் போகவில்லை, இருந்தாலும் சுற்றுலாச் சந்தையில் அந்த மாநிலத்தின் பங்கு சரிந்தது. 2000-ல் மறுபடி அலுவலகம் அமைத்து நிதி ஒதுக்கினார்கள்.

ஆனால் இதை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. வேலூர் மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற குடும்பங்கள் எந்த விளம்பரத்தையும் பார்த்து வரவில்லை. திருவண்ணாமலைக் கிரிவலத்துக்கு யாரும் போஸ்டர் ஒட்டத் தேவையில்லை. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் அப்படியே. நமக்குத் தானாக வருகிற கூட்டம் மிகப் பெரியது. அவர்களுக்கு விளம்பரம் வேண்டாம், தண்ணீரும் கழிப்பறையும் நிழலும் நியாயமான ஆட்டோ கட்டணமும் வேண்டும். விளம்பரப் பணத்தை இன்னும் பெயர் தெரியாத ஊர்களுக்காகச் செலவழிக்கலாம்.

கேரளா மட்டும் எப்படிச் சாதித்தது?

1986-லேயே சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தார்கள். 1989-ல் 'கடவுளின் சொந்த நாடு' வந்தது. எத்தனையோ ஆட்சி மாறியும் அந்த வாசகத்தை யாரும் மாற்றவில்லை. இதுதான் பெரிய விஷயம். 2000-ல் கேரள டிராவல் மார்ட் தொடங்கி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வெளிநாட்டு ஏஜென்ட்களைக் கொச்சிக்கே வரவழைக்கிறார்கள். அதை நடத்துவது தொழிலில் இருப்பவர்களின் சங்கம், அரசு கூட நிற்கிறது. ஹோம்ஸ்டேக்களை வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்தார்கள்.

இவையெல்லாவற்றையும்விட எனக்கு மதிப்பாகத் தெரிவது குமரகம் என்ற காயலோரக் கிராமம். 2008-ல் அங்கே பொறுப்புச் சுற்றுலா என்று ஆரம்பித்து, குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் விளைவித்த காய்கறியை அங்குள்ள பெரிய ரிசார்ட்கள் வாங்கும்படி ஏற்பாடு செய்தார்கள். விலையும் அளவும் தரமும் முன்கூட்டியே பேசி வைத்தார்கள். கயிறு திரிப்பது, ஓலை முடைவது, மீன் பிடிப்பது என்று கிராமத்து வேலைகளைப் பயணிகளுக்குக் காட்டி அதிலும் வருமானம் பார்த்தார்கள். 2017-ல் அது மாநில அளவிலான இயக்கமாகவே ஆனது. நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அவர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மிளகும் காபியும் அன்னாசியும் விளைகிறது, பக்கத்து விடுதியின் காலை உணவுக்கு எங்கிருந்தோ சந்தைப் பொருள் வருகிறது. இதை மாற்ற ஒரு தாசில்தார் மனது வைத்தாலே போதும்.

தமிழ்நாடுதானே பயணிகள் எண்ணிக்கையில் முதலிடம்?

பல வருடம் இருந்தது. 2014 முதல் 2018 வரை உள்நாட்டுப் பயணிகள் வருகையில் முதலிடம், 2019-ல் உத்தரப் பிரதேசம் முந்தியது. அந்த வருடம் தமிழ்நாட்டின் கணக்கு சுமார் 49.5 கோடி உள்நாட்டு வருகைகள், 68.7 லட்சம் வெளிநாட்டு வருகைகள். அதே 2019-ல் கேரளாவின் வெளிநாட்டு வருகை 11.9 லட்சம்தான்.

இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். இது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, வருகைகளின் எண்ணிக்கை. ஒரே குடும்பம் மதுரை, ராமேசுவரம், கன்னியாகுமரி என்று போனால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். வெளிநாட்டுக் கணக்கில் சிகிச்சைக்கு வருபவர், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வரும் மலேசியத் தமிழர், நேர்த்திக்கடனுக்கு வரும் இலங்கைத் தமிழர் எல்லாரும் உண்டு. அவர்களும் நம் விருந்தாளிகள்தான், அவர்கள் செலவும் நல்ல செலவுதான். ஆனால் 68 லட்சம் பேரும் நம் விளம்பரத்தைப் பார்த்து வந்தார்கள் என்று எடுத்துக்கொண்டால், எந்த விளம்பரம் வேலை செய்தது, எது செய்யவில்லை என்பது கடைசி வரை தெரியாது.

எண்ணிக்கை வேண்டாம் என்றால் எதைத்தான் அளப்பது?

இரவுகளை. பிச்சாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்திலிருந்து அரை மணி நேரம். காலையில் வேனில் வந்து இறங்குகிறார்கள், படகு டிக்கெட் எடுக்கிறார்கள். துடுப்புப் படகு என்றால் சுரபுன்னை வேர்கள் இரு பக்கமும் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் குறுகலான வாய்க்காலுக்குள் போகலாம், தலையைக் குனிந்துகொள்ளச் சொல்வார் படகோட்டி, வேருக்கு இடையே நண்டு ஓடும், நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரைக்கு வந்து, ஒரு டீ குடித்து, வேனில் ஏறிவிடுவார்கள். மதியச் சாப்பாடு சிதம்பரத்தில். ராத்திரி கும்பகோணத்திலோ பாண்டிச்சேரியிலோ.

அந்த ஊருக்கு மிஞ்சியது படகோட்டியின் கூலியும் டீக்காசும். அந்தப் பயணி அங்கேயே ஒரு ராத்திரி தங்கினால், இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வாங்குவார்கள், காலையில் இட்லி, விடியற்காலைப் பறவை பார்க்க இன்னொரு படகு, பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு ஆட்டோ. ஒரே பயணி, ஊருக்கு வருமானம் பல மடங்கு, ரோட்டில் வாகனமும் குறைவு. இதற்குப் புதிதாகப் பூங்கா வேண்டாம். நல்ல பத்து வீட்டுத் தங்கல், சுத்தமான குளியலறை, வழிகாட்டத் தெரிந்த நாலு இளைஞர்கள், அனுமதி கொடுக்கும் வனத்துறை. துறை தன் அறிக்கையில் ஊர்வாரியாகச் சராசரித் தங்கல் இரவு எவ்வளவு என்று போட ஆரம்பித்தால், அடுத்த பட்ஜெட் பேச்சே மாறிவிடும்.

விழாக்களுக்குச் செலவழிப்பது வீண்தானே?

எல்லாம் இல்லை. மாமல்லபுரத்தில் டிசம்பர், ஜனவரியில் நடக்கும் இந்திய நாட்டிய விழா மாலையில் நடப்பது. பார்த்தவர் அங்கேயே தங்கத்தான் வேண்டும். அப்படி இரவு தங்க வைக்கிற விழா நல்ல செலவு. குற்றாலம் சாரல் விழா, ஆடியில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா போன்றவற்றுக்கு உள்ளூர் மக்களின் பிடிப்பு இருக்கிறது. அது விலை மதிக்க முடியாதது, ஆனால் தேதியை ஆறு மாதம் முன்னால் அறிவித்தால்தான் வெளியூர்க்காரன் டிக்கெட் போட முடியும். கடைசி வாரத்தில் வரும் அறிவிப்பால் பக்கத்து ஊர்க் கூட்டம்தான் சேரும்.

தனியாருக்கு அரசு என்ன உதவி செய்கிறது?

2023 செப்டம்பரில் தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை வந்தது. சுற்றுலாத் திட்டங்களுக்குத் தொழில் அந்தஸ்து, முன்னுரிமை தரப்படும் 12 பிரிவுகள் (சாகசம், கேரவன், கிராமம் மற்றும் தோட்டம், கடற்கரை, மருத்துவம் இப்படி), முதலீட்டு மானியம் ஆகியவை அதில் உண்டு. இந்த வகை மானியம் பொதுவாக நீங்கள் செலவழித்து, தொழில் ஓட ஆரம்பித்த பிறகே கைக்கு வரும். ஆகவே மானியத்தை நம்பிக் கட்டடம் எழுப்பாதீர்கள். வங்கிக் கடனில் கணக்குப் போட்டு, மானியம் வந்தால் கடனை அடைக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோம்ஸ்டே தொடங்க என்ன வேண்டும்?

முதலில் நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். வேறு ஊரில் இருந்துகொண்டு ஆள் வைத்து நடத்தினால் அது ஹோம்ஸ்டே இல்லை, லாட்ஜ். மத்திய அரசின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை பதியலாம். மாநிலத் துறையிலும் ஹோம்ஸ்டே, முகாம், சாகசச் சுற்றுலா, கேரவன் நடத்துபவர்கள் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிவேற்றுவது கட்டாயம். இதைத் தெரியாமல் விட்டுச் சிக்கலில் மாட்டுபவர்கள் உண்டு. மலைப் பகுதியில் என்றால் கட்டட அனுமதியை இரண்டு முறை சரிபாருங்கள், சீல் வைப்பது அங்கே சர்வ சாதாரணம்.

ஒரு பக்கம் வாருங்கள் என்று விளம்பரம், இன்னொரு பக்கம் இ-பாஸ். என்ன நியாயம்?

நியாயம்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசனுக்கு வாகன வரம்பே போட்டார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகள் கடையடைத்துப் போராடினார்கள், அவர்கள் கவலை புரிகிறது. ஒரு சீசன் வருமானத்தில்தான் வருடம் முழுக்க ஓட்டுகிறார்கள். ஆனால் மூன்று மணி நேரம் மலைப்பாதையில் நின்று, ஏரியைச் சுற்றிவிட்டு அன்றே இறங்குகிற காரால் ஊட்டிக்கு என்ன கிடைக்கிறது? புகைதான். வரம்பு இருக்கும் ஊரில் ஆள் அதிக நாள் தங்கினால்தான் பிழைப்பு. துறை செய்ய வேண்டியது ஜூலை, செப்டம்பர், நவம்பர் மாதங்களை விற்பது, குன்னூர், கோத்தகிரி, தேவாலா என்று ஆட்களைப் பரப்பி விடுவது.

கழகத்தின் டூர் பேக்கேஜில் போகலாமா?

தாராளமாக. வயதான பெற்றோருக்கு இது நல்ல ஏற்பாடு. முன்கூட்டியே புக் செய்யுங்கள், கிளம்பும் இடத்தைப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள்.

அறிவித்த பணம் உண்மையிலேயே செலவானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையோடு துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலேயே இருக்கும், தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். இந்த வருடத்தை மட்டும் படிக்காதீர்கள், மூன்று வருடத்துக் குறிப்புகளை ஒன்றாக வைத்துக்கொண்டு உங்கள் மாவட்டத்தின் பெயரை மட்டும் தேடுங்கள். முதல் வருடம் 'அமைக்கப்படும்' என்று இருக்கும், அடுத்த வருடம் 'பணிகள் நடைபெற்று வருகின்றன', மூன்றாம் வருடம் 'முடிக்கப்பட்டது' என்று இருந்தால் நல்லது. மூன்றாம் வருடம் அந்த வரியே காணாமல் போயிருந்தால் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அரசாணை எண், ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, பணி எடுத்த ஒப்பந்ததாரர், பராமரிக்கும் பொறுப்பு யாருடையது, இந்த ஐந்தையும் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு.

உங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச உறுப்பினர்கள் பெரும்பாலும் தொகுதியிலிருந்து ஏதாவது விவரம் கிடைக்காதா என்று தேடுவார்கள், அரசாணை எண்ணோடு ஒரு தாள் கையில் இருந்தால் அதைப் படித்தே விடுவார்கள். அவை நடவடிக்கைக் குறிப்பில் ஏறிய கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.